முள் வைத்த பெட்டி

4 மார்ச் 1984, ஞாயிறு

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கலாம் என்று போனேன். அதற்குள் இவர் தண்ணீர்மலைப் பூந்தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் அந்தப் புதுப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 'குணா, வா இங்க, வந்து கேளு.' என் தலையில் எண்ணெய் வழிகிறது. எதைக் கேட்பது?

பெக்டரியிலிருந்து பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து இதே கதைதான். அக்கரையில் மாக் மண்டினில் பாய்லர் பார்த்த மனுஷன். வருஷக்கணக்காக ஃபெர்ரி ஏறிப் போய், ஆவி அளவு காட்டுகிற முள்ளையும் குழாயையும் தவிர எதையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது என்னடாவென்றால் பறவை, பறவை, பறவை! பினாங்கில் பறவையே குறைந்துபோச்சாம். இந்தப் பிளாட்டுக்குக் குடிவந்த புதிதில் ஜன்னலைத் திறந்தால் காது கிழியுமாம். இன்றைக்குக் காக்காயும் குயிலும்தான் மிச்சமாம். மரத்தை வெட்டி வெட்டி வீடு கட்டுகிறார்கள், குருவிக்கு எங்கே இடம் என்கிறார். இருக்கிறதையாவது பிடித்துவைக்கணும் என்று போன வாரம் கமாலுதீன் கடையில் இந்தக் குட்டி டேப் ரெக்கார்டரை வாங்கினார். கேசட்டே தீப்பெட்டி அளவுதான். சட்டைப் பையில் போட்டால் இருக்கிற இடம் தெரியாது. அவருக்கு வேண்டியதும் அதுதான். தோட்டத்துக் குரங்குகள் கையில் தொங்குகிற எதையும் விட்டுவைக்காது.

போட்டுக் காட்டினார். காக்காய் சுத்தமாகக் கேட்டது. இவர் இருமினது கேட்டது. தேன்சிட்டு என்று சொன்ன இடத்தில் தவிடு சலிக்கிற மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான்.

'உனக்காவது கேக்குதா?'

'இல்லீங்க, சரியாக் கேக்கல.'

'பாத்தியா! மாத்தணும் இத.'

மாற்றட்டும். எண்ணெய் காய்வதற்குள் என்னைக் குளிக்க விட்டால் போதும்.

6 மார்ச், செவ்வாய்

பினாங்கு ரோட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கமாலுதீன் முகம் சுளிக்கவில்லை. எங்கள் வீட்டு ரேடியோ, காத்தாடி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் அவர் கடைச் சாமான்தான். 'அண்ணே, நான் அன்னைக்கே சொன்னேன்ல? இது ஆபீஸ்ல மனுசன் பேசுறத எடுக்குறதுக்கு. குருவிக்கெல்லாம் எடுக்காது லா.' சொன்னாராம். இவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை போல.

கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டிகளை எடுத்துவைத்தார். ஒன்று நீலம். சாதாரணக் கேசட் போடுகிறது, ஆனால் சின்னது, சத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று கறுப்பு. அதில் ஒரு சின்னக் கண்ணாடி, உள்ளே ஒரு முள். சத்தம் வந்தால் முள் எழும்பும், நாம்தான் திருகி அளவு வைக்கணும். இவர் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய சிநேகிதனைக் கடைத்தெருவில் கண்ட மாதிரி.

பிறகு சட்டைப் பைப் பரீட்சை. நீலத்தைப் பைக்குள் விட்டார், போனது. குனிந்தார், நிமிர்ந்தார், விழவில்லை. கறுப்பை விட்டார், பாதியிலேயே நின்றது. 'அண்ணே, சட்டைய மாத்துங்க, பெட்டிய மாத்தாதீங்க' என்று கமாலுதீன் சிரித்தார். கடையில் வேலை செய்கிற இஸ்மாயிலும் சிரித்தார். நானும்தான். கடைசியில் நீலமே வந்தது. விலையும் அதுதான் தோது. நல்லபடியாக முடிந்தது என்று வீட்டுக்கு வந்து மீன் பொரித்தேன்.

11 மார்ச், ஞாயிறு

இன்றைக்கு ஒரு காரியம் செய்துவிட்டேன். ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

காலையில் இவரோடு நானும் தோட்டத்துக்குப் போனேன். செம்பருத்திப் புதர் பக்கத்தில் ஒரு தேன்சிட்டு, கட்டைவிரல் அளவு உடம்பை வைத்துக்கொண்டு என்ன கத்து கத்தியது! கையை நீட்டினால் தொடலாம். இவர் பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது, அத்தனை கவனம் முகத்தில்.

வீட்டுக்கு வந்து போட்டார். சிட்டு டேப்பிலிருந்து கூடத்துக்கே பறந்து வந்துவிட்டது போல இருந்தது. ச்சிக் ச்சிக் என்று, கணீரென்று. நான் 'அட' என்று சொல்ல வாயைத் திறந்தேன். இவர் பெட்டியைத் தூக்கிக் காதோடு அழுத்திக்கொண்டு, 'ஒண்ணுமே இல்லியே' என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. முகம் அப்படி இல்லை. சத்தத்தை முழுக்கக் கூட்டினார். சிட்டு அலறியது. 'இதுவும் எடுக்கல. காத்து சத்தந்தான் வருது. உனக்குக் கேக்குதா குணா?'

அந்தப் பார்வை. கேட்கிறது என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கே பயம் மாதிரி ஒரு பார்வை. நான், 'இல்லீங்க, கேக்கல' என்றேன்.

போன வாரம் சொன்னது நிஜம். இன்றைக்குச் சொன்னது பச்சைப் பொய்.

12 மார்ச், திங்கள்

கேத்தல் விசில் அடித்தது. நான் குளியலறையில் இருந்தேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் வற்றி, அடி கருகி, நான் ஓடிவரும்வரை அது கத்திக்கொண்டேயிருந்தது.

'கேத்தல் கத்துறது கேக்கலியா?' என்று எத்தனை தடவை இவரைத் திட்டியிருப்பேன்! கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சை மதிப்பதில்லை, வேண்டுமென்றே செய்கிறார் என்று. கடவுளே.

14 மார்ச், புதன்

கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்வை.

கமாலுதீன் அந்த டேப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'நல்லாக் கேக்குதே அண்ணே' என்றாராம். சாமான் வாங்க வந்த நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாராம். அவர்களும் கேட்கிறது என்றார்களாம். 'அவன் கடையில நிக்கிறவன் அவன் பக்கந்தான் பேசுவான்! கெட்டுப்போன சாமானத் தலையில கட்டிட்டு, நாலு பேர வச்சு என்னயக் கோமாளி ஆக்குறான். திருடன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்.'

'ஐயோ, அப்படியா சொன்னீங்க?'

'பின்ன? என் வீட்டுக்காரிக்கே கேக்கல, அவ பொய் சொல்லுவாளான்னு கேட்டேன். வாய மூடிட்டான்.'

தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படியிலேயே நின்றேன்.

16 மார்ச், வெள்ளி

பாசாருக்குப் போனவள் கமாலுதீன் கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வந்திருக்கலாம். புத்தி கெட்டுப்போய் நேரே நடந்தேன். அவர் பார்த்துவிட்டார்.

'அக்கா, ஒரு நிமிசம். உள்ள வாங்க.'

போனேன். கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் மோசம். நீலப் பெட்டியைத் திருப்பிக் கடையிலேயே வீசிவிட்டுப் போயிருக்கிறார் இவர். கமாலுதீன் பொத்தானை அழுத்தினார். சிட்டு கத்தியது. 'உங்களுக்கு நெசமாவே கேக்கலியா அக்கா?'

கையில் இருந்த கீரைக்கட்டைப் பார்த்தேன். சுவரில் இருந்த காத்தாடியைப் பார்த்தேன். 'காத்தாடி என்ன விலை பாய்?' என்று கேட்டேன். என் வாயா அது! காத்தாடி விலையாம்! அவர் என் முகத்தையே பார்த்தார். பெட்டியை நிறுத்தினார். விலையையும் சொன்னார்.

வரும் வழியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல மனுஷன் அவர். நான் கேட்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பேர் காப்பாற்றப்பட்டிருக்கும். இவர் பேர் என்ன ஆகியிருக்கும்?

18 மார்ச், ஞாயிறு

தோட்டத்துக்குப் போகவில்லை. காலை முழுக்க உட்கார்ந்து புகார் எழுதினார். கொமட்டி ரோட்டுப் பக்கம் பயனீட்டாளர் புகார் ஆபீஸ் ஒன்று இருக்கிறதாம். கெட்ட சாமானை விற்றால் கடைக்காரனைக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். நாளைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்.

'நீயும் வரணும். நீதான் சாட்சி.'

19 மார்ச், திங்கள்

கொடுத்துவிட்டார். ஏப்ரல் 2 வரச் சொல்லியிருக்கிறார்கள். கமாலுதீனையும் கூப்பிடுவார்கள். டேப்பை அங்கேயே போட்டுக் கேட்பார்களாம். 'எல்லார் முன்னாடியும் போடட்டும், அப்பத் தெரியும் யோக்கியத' என்று சந்தோஷமாகச் சொல்கிறார்!

எல்லார் முன்னாடியும் போடுவார்கள். எல்லாருக்கும் கேட்கும். இவர் ஒருத்தர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, பாத்தீங்களா, ஒண்ணுமில்ல என்பார்.

என்னால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

20 மார்ச், செவ்வாய்

இரண்டு வீடு தள்ளி இருக்கிற நோர்மாவிடம் சொல்லிவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், என்னை அக்கா முறையில் கக் என்றுதான் கூப்பிடுவாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

அவள் அதிசயப்படவே இல்லை. பெக்டரி ஆட்கள் நிறையப் பேர் இப்படி வருகிறார்களாம். இயந்திரச் சத்தத்தில் நின்று நின்று, முதலில் மெல்லிய கீச்சுச் சத்தம் எல்லாம் போய்விடுமாம். காக்காய், லாரி, ஆம்பளைக் குரல் எல்லாம் கேட்குமாம், அதனால் ஆளுக்கே தெரியாதாம். 'சொல்லிடுங்க லா, கக். ஒரு டெஸ்ட் எடுக்கலாம்' என்றாள்.

சொல்லிடுங்கவாம்! அவளுக்கு இவரைத் தெரியாது. பாய்லரில் ஆவி ஊசி முனை அளவு கசிந்தாலும், முள் அசைகிறதற்கு முன்னால் இவர் காது பிடித்துவிடும். ஒரு தடவை அப்படித்தான் ஷிப்டில் இருந்த அத்தனை பேரையும் வெளியே ஓடச் சொல்லிக் காப்பாற்றினார். பென்ஷன் விருந்தில் மேனேஜரே மைக்கில் சொன்னார், எங்களுக்கு மெஷின் வேண்டாம், ராமதாஸ் காது போதும் என்று. அன்றைக்கு இரவு முழுக்க அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காதைத்தான் நான் இல்லை என்று சொல்லணும்.

22 மார்ச், வியாழன்

சொல்லப் பார்த்தேன்.

சாப்பிட்ட பிறகு, நல்ல மனசோடு இருக்கிற நேரம் பார்த்து, பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பித்தேன். 'உங்க காத ஒரு தடவ டாக்டர்கிட்ட...'

'என்ன?'

'காதுங்க. டாக்டர்...'

'தேத்தண்ணியா? வேணாம், இப்பத்தானே சாப்ட்டேன்.'

இன்னும் சத்தமாகச் சொல்லணும். ஜன்னல் திறந்திருக்கிறது. இந்தப் பிளாட்டில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கேட்கும். உங்களுக்குக் காது கேக்கல என்று ஒரு மனுஷனிடம் எப்படிக் கத்திச் சொல்வது? மெதுவாகச் சொன்னால் கேட்காது. கத்திச் சொன்னால் ஊருக்கே கேட்கும். மென்று விழுங்கிவிட்டுத் தேத்தண்ணீர் போட்டேன். வேணாம் என்றவர் குடித்தார்.

24 மார்ச், சனி

சாயங்காலம் கதவைத் தட்டியது கமாலுதீன்! கையில் கடைப் பை. இவர் எழுந்திருக்கவில்லை, பேப்பரையும் இறக்கவில்லை. நான்தான் வாங்க பாய் என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டேன்.

'அண்ணே, சண்டைக்கு வரல. உங்க நீலப் பெட்டி சரியில்லன்னே வச்சிக்குவோம். இத ஒரு வாரம் வச்சுப் பாருங்க. காசு வேணாம்.' பையிலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்தார். முள் வைத்தது. 'நான் சொல்றத நம்ப வேணாம். கடையில நின்னவன நம்ப வேணாம். முள் யாருக்கும் சொந்தக்காரன் இல்லண்ணே. சத்தம் பெட்டிக்குள்ள போனா எழும்பும், போகலன்னா படுத்துக் கிடக்கும்.'

பேப்பர் இறங்கியது.

'அது வேணாங்க' என்றேன். 'பைக்குள்ள போகாது. குரங்கு பிடுங்கிரும். கனமா வேற இருக்கு. பாட்டரி தின்னும்.' இன்னும் என்னென்னவோ சொன்னேன். நிறம் நல்லால்ல என்றுகூடச் சொன்னேன்! 'எங்களுக்கு வேணாம் பாய், எடுத்துட்டுப் போங்க!' வீடு தேடி வந்த மனுஷனிடம், ஒரு வாய் கோப்பிகூடக் கொடுக்காமல்.

இவர் என்னைக் கவனிக்கவே இல்லை. பெட்டியை வாங்கி, முள்ளின் கண்ணாடியை விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டினார். பாய்லர் மேலே அப்படித்தான் தட்டுவார், முள் சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க. 'நாளைக்கே பாத்துர்றேன்' என்றார்.

கமாலுதீனைப் படிக்கட்டுவரை அனுப்பப் போனேன். அவர் திரும்பி நின்று, மெதுவாக, 'அக்கா, எனக்கு அன்னைக்கே புரிஞ்சிருச்சு. ஆபீஸ்ல பத்துப் பேரு முன்னாடி தெரியறதவிட, தோட்டத்துல தனியாத் தெரியட்டும். நீங்க சொல்றதா இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க. இல்லன்னா முள் சொல்லிரும்' என்றார்.

இவரைத்தான் நாங்கள் திருடன் என்றோம்.

இப்போது இவர் கூடத்தில் உட்கார்ந்து பெட்டிக்குப் புதுப் பாட்டரி போடுகிறார். நான் அறையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போய்ச் சொல்லு குணவதி. எழுந்து போ. வாயில என்ன கொழுக்கட்டையா?

போகவில்லை.

25 மார்ச், ஞாயிறு

முள் சொல்லிவிட்டது.

அதே செம்பருத்திப் புதர். காற்றில்லை. சிட்டு வந்து உட்கார்ந்து கத்தத் தொடங்கியது. இவர் பெட்டியை நீட்டினார். முள் துள்ளியது. இவர் முதலில் திரும்பி ரோட்டைப் பார்த்தார், ஏதாவது லாரி வருகிறதா என்று. எதுவும் இல்லை. கண்ணாடியைத் தட்டினார். பாட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். முள் திரும்பவும் துள்ளியது. அப்புறம் அவர் சிட்டைப் பார்த்தார். அலகு திறக்கிறது, முள் எழும்புகிறது. அலகு மூடுகிறது, முள் படுக்கிறது. பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். சிட்டு பறந்துபோனது. முள் விழுந்தது.

என் பக்கம் திரும்பவில்லை. 'இப்பக் கத்துச்சா?'

'ம்.'

'ஓங்கிச் சொல்லு.'

'கத்துச்சு.'

'போன தடவையும்?'

'ஆமாங்க.'

'வீட்ல டேப்புல?'

'கேட்டுச்சு.'

பெட்டியைக் கடைப் பைக்குள் வைத்துச் சுற்றினார். பஸ் நிறுத்தம்வரை முன்னால் நடந்தார். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவர் முன்னால் போய் நின்றுகொண்டே வந்தார்.

27 மார்ச், செவ்வாய்

பேச்சில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுகிறார்.

29 மார்ச், வியாழன்

இன்று வெடித்தது. தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான்.

'காது போனா போவுது! வயசானா எல்லாருக்கும் ஏதாச்சும் ஒண்ணு போவுது. உன்ன நம்பித்தானடி அந்த மனுசனத் திருடன்னேன். நடுக்கடையில நின்னு, என் வீட்டுக்காரி பொய் சொல்ல மாட்டான்னு சத்தம் போட்டேன். நீ இங்க உக்காந்து மீன் கழுவிக்கிட்டிருந்த!'

உங்க முகத்தப் பாத்துப் பயந்துட்டேன் என்றேன். 'என் மூஞ்சி என்ன பேயா?' என்றார். பிறகு குரல் இறங்கி, 'ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல குணா' என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டினதுகூடப் பரவாயில்லை.

31 மார்ச், சனி

காலையில் சட்டை மாற்றிக்கொண்டு, புகார் ஆபீஸுக்குப் போய்க் காகிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டார். அங்கிருந்து கமாலுதீன் கடைக்கும் போயிருக்கிறார்.

'கமாலுதீன்கிட்ட சொல்லிட்டேன்' என்றார்.

'என்ன சொன்னீங்க?'

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கேட்கவில்லையா, சொல்ல விருப்பமில்லையா? இனிமேல் இதுவும் எனக்குத் தெரியாது.

என்ன சொல்லியிருப்பார்? நடந்ததைத்தான் சொல்லியிருப்பார். எனக்குக் காது கேக்கல, என் பொண்டாட்டி பொய் சொல்லிட்டா என்று. சொல்லட்டும், உண்மைதானே. ஆனால் இனி அந்தக் கடை வாசலில் எப்படி நடப்பேன்?

3 ஏப்ரல், செவ்வாய்

பாசாருக்குப் பின் சந்து வழியாகப் போய்வந்தேன். சாக்கடை நாற்றம்.

5 ஏப்ரல், வியாழன்

நோர்மா ஏற்பாடு செய்து ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்தார்கள். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கணும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முதலில் தூக்கினார், தூக்கினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ரொம்ப நேரம், நல்ல பிள்ளை மாதிரி காத்திருந்தார்.

கீச்சுச் சத்தம் எல்லாம் போய்விட்டது, மருந்தில்லை, இருக்கிறது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

8 ஏப்ரல், ஞாயிறு

'வர்றியா?' என்றார். பதினஞ்சு நாளுக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி. தோட்டத்துக்குப் போனோம். கறுப்புப் பெட்டியோடு. ஒரு வாரத்துக்கு என்று வந்த பெட்டிக்கு இப்போது காசு கொடுத்துவிட்டார்.

நான் கேட்டுச் சொல்லணும், அவர் எடுக்கணும். 'இடது பக்கம், மேல, கத்துது' என்றேன். அவர் உடனே நம்பவில்லை. முள்ளைப் பார்த்தார். முள் எழும்பினதும் தலையை ஆட்டினார். இன்னொரு மரத்தடியில், 'இங்க ஒண்ணும் இல்லீங்க' என்றேன். அதற்கும் முள்ளைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும். என் வாய்க்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது இப்போது. நல்லா வேணும் எனக்கு.

திரும்பும்போது தோட்டத்துப் பாலத்தில் நின்று கேட்டார். 'அப்ப சிட்டெல்லாம் போகலியா? இருக்கா?'

'இருக்குங்க.'

'நெறையவா?'

'காது கிழியுது' என்றேன்.

'நல்லது' என்றார். 'நான் எல்லாம் போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்.' அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குத்தான் அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

11 ஏப்ரல், புதன்

தையல் மெஷின் மேல் இவருடைய சாம்பல் நிறச் சட்டை கிடந்தது. அதன் மேல் கறுப்புப் பெட்டி. வாயைத் திறந்து கேட்டால் முத்து உதிர்ந்துவிடும்! பையைப் பிரித்து, பழைய கால்சட்டைத் துணியில் பெரிதாக வெட்டி, மூடி போட்டுப் பொத்தானும் வைத்துத் தைத்தேன். போட்டுப் பார்த்தார். பெட்டி உள்ளே போனது. தபால்காரர் மாதிரி இருக்கிறது, ஆனால் சொல்லவில்லை.

17 ஏப்ரல், செவ்வாய்

எத்தனை நாள் சாக்கடைச் சந்திலேயே நடப்பது? இன்றைக்குக் கமாலுதீனிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். வழியெல்லாம் வார்த்தையைக் கோர்த்துக்கொண்டே போனேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது.

வாசலில் கால் வைத்ததும் இஸ்மாயில், 'அக்கா! வாங்க! இங்க உக்காருங்க!' என்று ஒரு கத்துக் கத்தினார். நான் துள்ளிவிட்டேன். ரோட்டில் போனவர்கள்கூடத் திரும்பினார்கள். 'என்ன வேணும் அக்கா! பாட்டரியா!' கடையில் இரண்டு பெண்கள் அரிசிக்குக்கர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். என்னடா இது, இப்படித்தான் அவமானப்படுத்தப் போகிறார்களா என்று கூசிப்போனேன்.

உள்ளேயிருந்து கமாலுதீன் வந்தார். அவரும் சத்தமாகத்தான் பேசினார். 'அண்ணன் வந்து எல்லாம் சொன்னாரு அக்கா! பழுது பெட்டியில இல்ல, என் காதுல, நான் உன்னயத் திருடன்னு சொன்னது தப்புன்னு, இதே எடத்துல, எல்லாரும் இருக்கும்போது சொன்னாரு!'

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இனி என் கதை வரும்.

'இஸ்மாயில்தான் கேட்டான், அப்ப அக்காவுந்தானே கேக்கலன்னு சொன்னாங்கன்னு. அதுக்கு அண்ணன் சொன்னாரு, அவளுக்கு என்னயவிட மோசம், ரெண்டு காதும் மந்தம், வெளிய சொல்ல வெக்கப்படுறா, நீங்கதான் கொஞ்சம் சத்தமாப் பேசணும்னு!'

நிமிர்ந்து பார்த்தேன். கமாலுதீன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்குத் தெரியும். கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டு காத்தாடி விலை கேட்டவளை அவர் மறந்திருக்க முடியாது. தெரிந்தும் கண்ணை விலக்காமல், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நின்றார்.

கோர்த்துக்கொண்டு வந்த வார்த்தை எல்லாம் எங்கே போனதோ. இப்போது நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், பொய்யர் ஆவது இவர். வீட்டில் என்னை வைத்து அத்தனை திட்டுத் திட்டிவிட்டு, முள்ளைப் பார்க்காமல் என் ஒரு வார்த்தையையும் நம்பாமல், இங்கே வந்து எனக்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் இந்த மனுஷன்!

'ஆமா பாய்' என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. 'ரெண்டு காதும்.'

இஸ்மாயில் பாட்டரி எடுக்கப் பின்னால் போனதும், 'மன்னிச்சிருங்க பாய்' என்று மெதுவாகச் சொன்னேன். கமாலுதீன் தலையை மட்டும் ஆட்டினார். பாட்டரியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

நேர் ரோட்டிலேயே நடந்து வந்தேன். பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டதை ஒரு சீனக் கிழவி ஒரு மாதிரி பார்த்தாள்.

வீட்டில் இவர் நாற்காலியில் உட்கார்ந்து கேசட்டுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமல், 'எங்க போயிட்டு வர்ற?' என்றார்.

நான் பாட்டரிப் பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன். கமாலுதீன் கடைக் காகிதம். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, 'என்னது? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க' என்றேன்.

பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயோரம் துடித்தது, அடக்கிக்கொண்டார்.

'எங்க போயிட்டு வர்றன்னு கேட்டேன்!' என்று கத்தினார். நோர்மா வீட்டுக்கே கேட்டிருக்கும்.